தாங்கும்

நாலு விரக்கடைதானே விட்டிருந்தோம், இப்ப அஞ்சா? நல்லதம்பி கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாப் பார்த்தான், பார்க்காதவனாட்டம் முன்னால திரும்பினான், மறுபடி பார்த்தான். கேபினுக்கும், அதுக்குப் பின்னால ஏத்தி முறுக்கியிருந்த தகரப் பெட்டிக்கும் நடுவுல இருந்த சந்து அது. போன மாசம் அவனே கட்டைவிரலை மடக்கிக்கிட்டு மிச்ச நாலு விரலையும் அதுல விட்டு அளந்து, சரியா இருக்குதுன்னு போல்ட்டை இறுக்கினான். பெட்டின்னா சும்மா பெட்டி இல்லை, கேரவன். உள்ள ரெண்டடுக்குக் கட்டில், மெத்தை, அடுப்பு, பேட்டரி, வால் பக்கம் கக்கூசு, கக்கூசு தலைமேல முந்நூறு லிட்டர் தண்ணித் தொட்டி. ஒரு குடும்பமே படுத்துத் தூங்கிக்கிட்டு ஊர் சுத்தலாம். அதைச் சுமக்கிறது பதினெட்டு வயசுப் பிக்கப்பு. பதினெட்டு வருசமா முட்டையும் கோழித்தீவனமும் சுமந்து சுமந்து இடுப்பு போன வண்டி. ஓட்டுறது அக்கா புருசன் ராக்கியப்பன். ஏறுறது கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுல ஒன்பது போயிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் பலகையில நம்பர் போட்டு வச்சிருக்கான் புண்ணியவான், எண்ணிக்கிட்டே சாகலாம். பெட்டிக்குள்ள அக்கா சம்பூரணம், அக்கா பொண்ணு நிவேதா, அப்புறம் அவனோட பொண்ணு கயல். பத்து வயசு. பெட்டியோட முன்சன்னல்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு அப்பனைப் பார்த்து நாக்கை நீட்டுறா. அவ அதுக்குள்ள இருக்கக் கூடாது. அவ எப்படி அதுக்குள்ள வந்தா? “என்ன மாப்ள, பொண்டாட்டிய பஸ்ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தவனாட்டம் திரும்பித் திரும்பிப் பாக்கற?”ன்னு ராக்கியப்பன் சிரிச்சான். “பின்பக்கம் ஒரு பொட்டு உக்காந்திருக்குதா பாரு. நீ ஏத்துன பட்டை அப்பிடி. உங் கையி தங்கம்டா.” நல்லதம்பி தன் கையைப் பார்த்தான். நகத்தடியில கறுப்புப் பெயிண்ட் இன்னும் போகலை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் போகலை.

பட்டை, பட்டை, பட்டை. சேந்தமங்கலத்துல இருந்து சங்ககிரி வரைக்கும் எல்லாப் பயலும் பண்ற தப்பு இது, தெரிஞ்சே பண்ற தப்பு. சுமை கூடுனா வண்டி பின்பக்கம் குந்தும். குந்தினா, ஐயா என்னால முடியலைன்னு அது வாய் விட்டுச் சொல்லுதுன்னு அர்த்தம். உடனே நம்மாளு என்ன பண்ணுவான்? சுமையை இறக்குவானா? மாட்டான். பட்டறைக்கு ஓட்டிட்டு வந்து வில்லுல ரெண்டு பட்டை சேத்துப் போடுன்னுவான். போட்டாச்சுன்னா குந்தாது. மாப்பிள்ளையாட்டம் நிமிர்ந்து நிக்கும். குந்தலைன்னா தாங்குதுன்னு அர்த்தம், போடா போன்னு ஓட்டிக்கிட்டுப் போயிருவான். அட கூமுட்டைகளா, அப்ப அந்தச் சுமை எங்கடா போச்சு? ஆவியாவா போச்சு? பட்டை வளைஞ்சு வாங்க வேண்டியதை வளையாத சேஸ், அதான் அடிச்சட்டம், வாங்கும். கேபினுக்கு நேர் பின்னால, இடது பக்கத்துச் சட்டத்துல, மேல் விளிம்புல வாங்கும். அங்கதான் இருந்தது கீறல். விரல் நீளம். நகத்தை விட்டா நகம் உள்ள போச்சு. அதைப் பார்த்த அன்னைக்கு மத்தியானமே அவன் சொல்லியிருக்கணும், மச்சான், இதுக்கு ரெண்டு பக்கமும் பிளேட்டு வச்சுப் பத்தவைக்கணும், வச்சாலும் இந்தப் பெட்டி இதுக்கு ஆகாது, தொட்டியை வால்ல வச்சிருக்க, அது பின்னால இழுக்கும், மலைக்கு வேண்டவே வேண்டாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்பப் பார்த்து அக்கா பட்டறைக்குள்ள வந்தா. வாரத்துல ரெண்டு நாள் அவ பட்டறைக்கு வருவா, பெயிண்டுக்கு முன்னால தகரத்துல பூசுற பட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் குடுப்பா. அன்னைக்கு அவ மேலுதடு கிழிஞ்சு இருந்தது. முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கிட்டே இருந்தா. என்னக்கான்னா, தொட்டிகிட்ட வழுக்கிட்டேன்டா. எந்தத் தொட்டி உதட்டைக் கிழிக்கும்? ராக்கியப்பன் சீட்டுக்கடியில பழைய ஃபேன் பெல்ட்டு ஒண்ணு வச்சிருக்கான், எஞ்சினுக்கு ஆகாதுன்னு கழட்டினது. அது எதுக்குன்னு ஊருக்கே தெரியும். மூணு தடவை பஞ்சாயத்து வச்சு மூணு தடவையும் காப்பித்தண்ணி குடிச்சுட்டு எந்திரிச்சுப் போனானுங்க. வந்துரு அக்கா, எங்கூட இருந்துருன்னு நல்லதம்பி எத்தனை வாட்டி சொல்லியிருப்பான். “விடுடா தம்பி, பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன், நான் தாங்கிக்கறேன்.” தாங்கிக்கறாளாம். அவ அந்தப் பக்கம் உப்புத்தாளை எடுக்கப் போக, இந்தப் பக்கம் ராக்கியப்பன் பல்லைக் குத்திக்கிட்டே வந்து நின்னு, “என்ன மாப்ள, தாங்குமா?”ன்னு கேட்டான். “தாங்கும்”னு நல்லதம்பி சொன்னான். அவ்வளவுதான். ஒத்தை வார்த்தை. அக்கா சோத்துக்குப் போன நேரமாப் பார்த்து அந்தக் கீறல்ல பட்டியை அப்பி, வழிச்சு, மேல கறுப்பு அடிச்சான். கொலைன்னு மனசுக்குள்ள கூட அவன் பேர் வைக்கலை. பட்டி வச்சேன், அவ்வளவுதான்.

பத்து. பதினொண்ணு. வளைவுல வண்டி திரும்பும்போது பெட்டி ஒரு பக்கமாச் சாயும், அப்புறம் இந்தப் பக்கம் சாயும், சாயும்போது அடியில ஒரு சத்தம் வரும், டிக். சின்னச் சத்தம். சொடக்குப் போடுற அளவு கூட இல்லை. ராக்கியப்பனுக்குக் கேக்காது, அவன் பாட்டைச் சத்தமா வச்சிருக்கான். தனியாப் போறேன்னுதானேடா சொன்ன பாவி. பெட்டியோட ஒருக்கா மேல போய் ட்ரையல் பாத்துட்டு வந்துர்றேன் மாப்ள, நான் மட்டும், அப்பிடின்னுதானே சொன்ன. நான் மட்டும்னு சொன்னது நல்லதம்பி காதுல ஒரு மாசமா இருக்குது. சோத்துக்கு உக்காந்தா இருக்குது, பல்லு வெளக்குனா இருக்குது. எத்தனாவது வளைவுல, எப்படி, பெட்டி எந்தப் பக்கம் சரியும், கேபினை இழுத்துக்கிட்டுப் போகுமா, ஸ்டியரிங்கு அவன் நெஞ்சுல எத்தனை அங்குலம் இறங்கும், எல்லாத்தையும் பாத்தாச்சு, படுத்துக்கிட்டே பாத்தாச்சு, ரசிச்சுப் பாத்தாச்சு. பாவம்னு ஒருநாள் கூடத் தோணலை, அதை மறைப்பானேன்? இன்னைக்குக் காலையில பட்டறை முன்னால டீயை வச்சுக்கிட்டு நின்னதே அந்த வண்டி அந்த ரோட்டுல போறதைக் கண்ணாலப் பாக்கத்தான். வண்டி வந்தது. நின்னது. பின்கதவு தொறந்தது. “அப்பா!”ன்னு கயல் குதிச்சா. நேத்து அத்தை வீட்டுக்குப் போறேன்னு போனவ. கயல் எறங்கு, எறங்குன்னா எறங்கு. மாட்டேங்கறா. அக்கா தலையை நீட்டி, “ஆடி நோம்பிக்கு என்னைக்குமில்லாம அருவிக்குக் கூட்டிட்டுப் போறாருடா, கெடுக்காத”ன்னா. தலையில பூ வச்சிருந்தா அக்கா. எத்தனை வருசம் ஆச்சு அவ இத்தனை பூ வச்சு. அப்ப சொல்லியிருக்கலாம். வண்டி தாங்காதுக்கான்னு ரோட்டுல விழுந்து கத்தியிருக்கலாம். அதை விட்டுட்டு, நானும் வாரேன்னு கேபின்ல ஏறி உக்காந்துட்டான் மடையன். டீ கிளாஸைக் கூடத் திருப்பிக் குடுக்கலை. அது காலுக்கடியில உருண்டுக்கிட்டுக் கிடக்குது.

பதினாலு. சொல்லு. இப்பச் சொல்லு. மச்சான், வண்டியில ஏதோ சத்தம் வருது, நிறுத்துங்க, பாத்துரலாம். நிறுத்துவான். குனிஞ்சு பாப்பான். அவனும் இருவது வருசம் வண்டி ஓட்டுனவன், குருடன் இல்லை. கீறலைப் பாப்பான், பட்டியைப் பாப்பான், உதிர்ந்தது போக மிச்சம் ஒட்டியிருக்கிற பட்டியை. மாப்ள, இதை எப்பப் பூசுனன்னு கேப்பான். அப்புறம்? என்னைக் கொல்லட்டும், அது ஒண்ணுமில்லை, நானும் திருப்பிக் குடுப்பேன். ஆனா அவன் என்னை அடிக்க மாட்டானே. அவன் என்னைக்கு ஆம்பளைய அடிச்சான்? ராத்திரி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு அவளை அடிப்பான். உந் தம்பி என்னைக் கொல்லப் பாத்தான்டின்னு சொல்லிச் சொல்லி அடிப்பான். பதினஞ்சு. டிக். தாங்கினாலும் தாங்கும். ஏன் தாங்கக் கூடாது? இத்தனை வளைவு தாங்கலை? எத்தனை ஓட்டை வண்டி, எத்தனை கீறல் விட்ட சேஸ், வருசக்கணக்கா ஓடலை? கொல்லிப்பாவைக்கு ஒரு கெடா வெட்டுறேன். ரெண்டு வெட்டுறேன். அட, கெடாவுக்கு ஆத்தா பத்தவைப்பாளா? கேஸ் கட்டரைத் தூக்கிக்கிட்டு அன்னைக்குப் பைபாஸுக்கு ஓடுனியே, மறந்துட்டியா? முட்டை லாரி மேல வேன் ஏறி, தகரம் தகரமா மடிஞ்சு, உள்ள ஒருத்தன் உசுரோட இருந்தான். தொடை மேல தகரம். சீக்கிரம் வெட்டுண்ணா, சீக்கிரம் வெட்டுண்ணான்னான். நெருப்பு வச்சா தகரம் சுடும், அவன் கத்துவான், நிறுத்துவேன், வெட்டுண்ணான்னு மறுபடி கத்துவான். ரோட்டுல மஞ்சக் கருவும் ரத்தமும் சேந்து செருப்பு வழுக்குச்சு. கடைசியில வெட்டி எடுத்தப்ப அவன் கத்தறதை நிறுத்திட்டான். தகரப் பெட்டிக்குள்ள ஆளு இருந்தா தகரம் எப்படி மடியும்னு இந்த மலையிலயே நல்லதம்பியை விட யாருக்குத் தெரியும்? அதுவும் அதே தகரம். அதே கேஜுக் கனம். தானே வளைச்சு ரிவிட் அடிச்சது. அஞ்சு விரக்கடை இல்லை, இது ஆறு. கயல் மூஞ்சியைக் காணோம். எங்க போனா? இருக்கா, இருக்கா, அத்தை மடியில தலை வச்சிருக்கா.

“உங்கக்கா நேத்து வாயை நீட்டுனா மாப்ள”ன்னு பத்தொம்பதாவது வளைவுல ராக்கியப்பன் பாட்டைக் குறைச்சுட்டு ஆரம்பிச்சான். “ரெண்டு போட்டேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. அதான் இன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன், பாவம், அவளும் எங்க போனா வந்தா.” குரல்ல நெசமாவே ஒரு இரக்கம். அதுதான் தாங்க முடியலை. பிள்ளைங்களுக்கு வாங்கின கடலை மிட்டாயை அவனுக்கும் ஒண்ணு நீட்டுறான். நல்லதம்பிக்கு அம்மை போட்டுப் படுத்திருந்தப்ப வேப்பிலை ஒடிச்சுட்டு வந்து பக்கத்துலயே உக்காந்து விசிறினவனும் இதே ராக்கியப்பன்தான். அந்தக் கையும் இந்தக் கைதான். மனுசன் முழுசாக் கெட்டவனா இருந்துட்டா எவ்வளவு சௌகரியம், ஒரே வெட்டா வெட்டிரலாம். ரெண்டு போட்டானாம். பெல்ட்டாலயா, கையாலயா மச்சான்? கேக்கலை. மிட்டாயை வாங்கி வாயில போட்டுக் கடிச்சான், கடவாய்ப்பல்லு தெறிக்கிற மாதிரி கடிச்சான். போகட்டும். இப்பவே ஒடியட்டும். ஒடிஞ்சு பெட்டி மட்டும் தனியாக் கழண்டு ரோட்டுலயே உக்காந்துக்கட்டும், கேபின் மட்டும் இவனோட கீழ போகட்டும், நான் கூடப் போனாலும் சரி, போகும்போது இவன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே போறேன். அப்படியெல்லாம் ஒடியாதுடா. இரும்புக்கு ஆளைப் பாத்து ஒடியத் தெரியாது. இருவத்தொண்ணு. இருவத்திரெண்டு. எண்ணிக்கை தப்பிருச்சா? பலகை எங்க?

இருவத்திமூணாவது வளைவுல மேல இருந்து பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டே வந்தது. ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும், ஆனா பஸ்காரன் எந்தக் காலத்துல விட்டான்? ராக்கியப்பன் அவன் ஆத்தாளையும் அக்காளையும் இழுத்துத் திட்டிக்கிட்டு வண்டியைப் பின்னால விட்டான். பின்சக்கரம் ஓரத்துப் பள்ளத்துல இறங்குச்சு. டிக் இல்லை இப்ப. டக். இருக்கையே ஒரு தடவை தூக்கிப் போட்டது. நல்லதம்பி திரும்பினான். விரக்கடைக் கணக்கெல்லாம் போயிருந்தது, மேல ஒரு சாண் அகலத்துக்கு வானம் தெரிஞ்சது. பெட்டி பின்னால சாய்ஞ்சிருந்தது. முன்சன்னலைத் தள்ளிக்கிட்டு கயல் அந்தச் சந்துக்குள்ள கையை நீட்டி, விளையாட்டா, கேபின் கண்ணாடியைத் தட்டப் பார்த்தா; எட்டலை; முன்னாடியெல்லாம் எட்டுனது எட்டலைன்னு அவளுக்குச் சிரிப்பு. வளையல் போட்ட சின்னக் கை. இந்தப் பக்கம் தகரம், அந்தப் பக்கம் தகரம், நடுவுல அது. ராக்கியப்பன் முதல் கியரைப் போட்டான். “கயலு, கையை எடு!”ன்னு கத்துனது அவன் வாய்தானா? அவன் வலது கை முட்டி ராக்கியப்பன் மூக்குல இறங்கியிருந்தது. இன்னொண்ணு. எலும்பு நொறுங்குறது முட்டிக்குத் தெரிஞ்சது, ஐயோ, இனிச்சுது. ஒரு மாசம் தேக்கி வச்சது, பத்து வருசம் தேக்கி வச்சது, எல்லாம் அந்த மூக்குல போய் இறங்குச்சு. ஹேண்ட் பிரேக்கை மேல வரைக்கும் இழுத்தான், சாவியைத் திருகிப் பிடுங்கினான். “நிறுத்துடா! தாங்காது! தாங்காதுடா நாயே!” பொறந்ததுல இருந்து மச்சானை டான்னு சொன்னதில்லை. கதவைத் தொறந்து விழுந்தான், எந்திரிச்சான், ரெண்டு கல்லைப் பொரட்டிப் பின்சக்கரத்துக்கு அண்டக் குடுத்தான், ஓடிப்போய்ப் பின்கதவை இழுத்தான். சட்டம் கோணியிருந்ததால கதவு வரலை. காலை மிதிச்சு இழுத்தான், வந்தது, கை கிழிஞ்சது. நிவேதா. இந்தா வா, குதி. கயல். அவளைத் தூக்கி மலைப்பக்கத்துச் சுவரோட ஒட்டி வீசுற மாதிரி விட்டான். அப்பா வலிக்குதுன்னு அழுதா, அழு, நல்லா அழு. அக்கா சேலையைப் பிடிச்சு இழுத்தான். அவ கால் தரையில பட்டதுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவுல ரெண்டு மூச்சுக் கூட இருக்காது. சட்டம் முறிஞ்சது. பெட்டியோட வால் ரோட்டுல இடிச்சுது, தொட்டி உடைஞ்சு முந்நூறு லிட்டர் தண்ணியும் இருவத்திரெண்டாவது வளைவைப் பாத்து ஓடுச்சு. முன்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தூக்கிக்கிட்டு நின்னது.

பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம் இறங்கிட்டாங்க. ராக்கியப்பன் கேபின்ல இருந்து தொத்திக்கிட்டு இறங்கி வந்தான். மூக்குல இருந்து சட்டை வரைக்கும் ரத்தம். கையில பெல்ட்டு. அடிக்கத்தான் எடுத்திருந்தான், அடிக்கட்டும்னு நல்லதம்பி நின்ன இடத்துலயே நின்னான். ராக்கியப்பன் முறிஞ்ச சட்டத்தைப் பார்த்தான், கோணிக்கிடந்த பெட்டியைப் பார்த்தான், சுவரோரம் ஒருத்தியை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நடுங்குற பிள்ளைகளைப் பார்த்தான். பெல்ட்டு கீழ விழுந்தது. அப்புறம் அந்த ஆளு, அத்தனை பேர் பாக்க, நல்லதம்பி காலைக் கட்டிக்கிட்டு அழுதான். “சாமிடா நீ. என் குலசாமிடா மாப்ள. நீ அடிச்சது அடி இல்லைடா, எம் பிள்ளைக்கு உசுருடா.” கண்டக்டர், எப்படிங்க தெரிஞ்சுதுன்னு கேட்டான். சத்தம் கேட்டுச்சுங்கன்னான் நல்லதம்பி. ஒரு பெரியவர் வந்து அவன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். ரத்தமும் கறுப்புப் பெயிண்டும் ஒட்டின கை. கையை உருவிக்கிட்டான். அக்கா எங்க? அக்கா அங்க இல்லை. அவ வண்டிகிட்டப் போயிருந்தா. முறிஞ்ச இடத்துல குனிஞ்சு, விளிம்புல ஒட்டியிருந்த ஏதோ ஒண்ணை நகத்தால பேத்து எடுத்தா. பொட்டுக்கடலை அளவுக்குச் சாம்பக் கலர்ல ஒரு துண்டு. ரெண்டு விரல்ல வச்சு நசுக்கினா, மாவாச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் அவ கையில தேய்ஞ்சு உதிர்ற அதே மாவு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் விரலைச் சேலையில துடைச்சுக்கிட்டு, தலையில பாதி உதிர்ந்த பூவோட, நேரா அவன்கிட்ட வந்தா. காலடியில அவ புருசன் இன்னும் அழுதுக்கிட்டுத்தான் இருந்தான். அக்கா அறையப் போறான்னு நல்லதம்பி நினைச்சான். அறைஞ்சிருந்தா தேவலை. அவன் கிழிஞ்ச கையை எடுத்து முந்தானையால கட்டுற மாதிரி குனிஞ்சு, காதோரம், அவனுக்கு மட்டும் கேக்குற குரல்ல அக்கா சொன்னா: “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, பிள்ளைங்களை ஏத்தியிருக்க மாட்டேனேடா தம்பி.”